பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு சந்தேகம்

பெட்டியைப் பிரித்த நாளே எனக்கு அதன் மேல் எரிச்சல் வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டப்பா. அதற்குள் இரண்டு கறுப்புக் குமிழ்கள், அவற்றுக்கு மாட்டிவிட மூன்று அளவில் ரப்பர் தொப்பிகள், எட்டு மொழிகளில் ஒரு கையேடு. எட்டில் தமிழ் இல்லை.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. புளியடிக்குறிச்சி ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் நான். சர்வீஸ் இருபத்திரண்டு வருஷம். காதுக்குள் கோழி இறகையும் ஊக்கையும் தீக்குச்சியையும் விட்டுக் குடைந்துகொண்டு வருகிறவர்களைத் திட்டித் திட்டியே தொண்டை போனவள். என் காதுக்குள் ஸ்டெதஸ்கோப்பைத் தவிர வேறு எதையும் நுழையவிட்டதில்லை. பஸ்ஸில் ஊரே குமிழை மாட்டிக்கொண்டு தலையாட்டிய காலத்திலும் நான் ஜன்னல் ஓரமாகச் சும்மா உட்கார்ந்துதான் வந்தேன். இப்போது அரசாங்கமே அனுப்பிவிட்டது, மாட்டிக்கொள் என்று.

மாட்டிவிடுவதற்கென்று சென்னையிலிருந்து நிரஞ்சன் என்ற பையன் வந்திருந்தான். கம்பெனிக்காரன். வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

"லைட்டா திருகி உள்ள விடுங்க மேடம்."

"திருகினா வலிக்குது."

"அப்ப சின்ன சைஸ் போடலாம்."

சின்னது விழுந்தது. குனிந்து மேசைக்கு அடியில் தேடினோம். நடுத்தரம் இடது காதில் நின்றது, வலது காதில் நிற்கவில்லை. பெரியதைப் போட்டால் காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. கொட்டாவி விட்டால் கழன்றது. வெளியே டோக்கனோடு நூற்று நாற்பது பேர் நிற்க, ஒரு டாக்டர் காதுக்குத் தொப்பி அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, இது என்னதான் செய்யும்?" என்று கேட்டேன்.

"பேரு சாறு, மேடம். நோயாளி பேசுறத டேபிள் மைக் கேக்கும். அவங்க குரல் உங்களுக்குக் கேக்காம இது அடைச்சிடும். அவங்க பேசி முடிச்சதும் சாரத்த மட்டும் உங்க காதுல சொல்லும்."

"அவங்க குரலே கேக்காதா?"

"கேட்டா அப்புறம் இது எதுக்கு மேடம்?"

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. ஏன் பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஜனம் டாக்டரிடம் காய்ச்சல் என்று சொல்ல நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். மைத்துனர் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் தொடங்கும். அங்கே போன வேனில் இடம் கிடைக்காதது, மழையில் நனைந்தது, நனைந்த தலையோடு சொந்தக்காரர் வீட்டில் ஐஸ் தண்ணீர் கொடுத்தது, கொடுத்தவளின் குணம், அவள் தம்பியின் குணம் எல்லாம் முடிந்த பிறகு, "அன்னையிலருந்து மேலுக்குச் சொகமில்ல" என்று வரும். அதற்குள் வரிசையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் இதைக் கேட்டவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் வியாதி.

முதல் ஆள் ஒரு பெரியவர். உட்கார்ந்தார், வாய் அசைந்தது, கை அசைந்தது, ஒரு சத்தமும் இல்லை. டி.வி.யை ஊமையாக்கி வைத்ததுபோல் இருந்தது. பிறகு என் இடது காதுக்குள் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் நிதானமாகச் சொன்னது: "இருமல். பத்து நாள். சளியில் ரத்தம் இல்லை. ஊசி எதிர்பார்க்கிறார்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெரியவர் பயந்துபோனார்.

அன்று பன்னிரண்டு பத்துக்கு வரிசை காலி. பல வருஷங்களுக்குப் பிறகு சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன். ஸ்டாஃப் நர்ஸ் ஜன்னத்துக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. அவள் பிரிக்கவே இல்லை. "எனக்கு வேண்டாம் டாக்டர். ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்தாதான் அவங்களுக்கு வலி தெரியாது," என்று பெட்டியை மருந்து அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு தொந்தரவு. சாயங்காலம் குமிழைக் கழற்றினால் வலது காதில் குக்கர் விசில் தூரத்தில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். நிரஞ்சனுக்கு ஃபோன் போட்டேன்.

"தம்பி, இதப் போட்டா சில பேருக்கு வலது காதுல விசில் சத்தம் வருமா?"

"உங்களுக்கு வருதா மேடம்?"

"எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் கேட்டாங்க."

"வராதே மேடம். அவங்களுக்கு ஏற்கெனவே இருந்திருக்கும்."

இருந்தது. ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே இருந்தது. அந்தக் காதில் கேட்பதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. ஒரே காதில் விசில், ஒரே காதில் மந்தம் என்றால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே ஏதாவது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சீட்டை நானே பல பேருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு எழுதிக்கொள்ளத்தான் நேரம் வரவில்லை. நேரம் என்று சொல்கிறேன். பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வாரம் சாறு குடித்தேன். எட்டாம் வாரம் ஒருநாள், மருந்து இருப்பு எழுதிக்கொண்டிருந்த ஜன்னத் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"டாக்டர், பீடி சுத்துத ஆவுடையம்மா இருக்காங்கள்லா, கழுத்து வலின்னு வந்தாங்களே. அவங்க பக்கத்து வீட்டுக்காரி வந்தாங்களா?"

"எந்தப் பக்கத்து வீட்டுக்காரி?"

"என்ன டாக்டர், மார்ல கட்டின்னு சொன்னாங்கள்லா?"

"யாரு சொன்னா? எப்ப?"

"ஆச்சு, இருவது நாளு. நான் திரைக்கு அங்கிட்டு ஊசி போட்டுக்கிட்டு நின்னேன். அவங்க கதவுகிட்டப் போயிட்டுத் திரும்பி வந்து சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரிக்கு மார்ல ஒரு கட்டி, வலியே இல்ல, மூணு மாசமா இருக்கு, அது என்னவா இருக்கும்னு கேட்டுட்டு வரச் சொன்னான்னு. நீங்க, சரிம்மா, வேற ஒண்ணும் இல்லையேன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சொல்லக் கூசுகிற வியாதி எதுவும் எந்தப் பெண்ணுக்கும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் வரும். ஆண்களாக இருந்தால் கூட வேலை பார்க்கிறவனுக்கு வரும். கால் வலி, கழுத்து வலி என்று எதையாவது சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, கதவு வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்து, வந்த விஷயத்தை அப்போதுதான் சொல்வார்கள், அதுவும் அடுத்த வீட்டின் பேரில். கேட்கிற டாக்டரும் யார் அவள் என்று கேட்கக் கூடாது. "அவங்களுக்கு எந்த இடத்துலன்னு காட்டுங்க" என்று திரையை இழுத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவள் நான்.

கம்ப்யூட்டரில் ஆவுடையம்மாளைத் தேடினேன். "கழுத்து வலி. மூன்று வாரம். வேறு புகார் இல்லை."

"அன்னைக்கே என்கிட்டச் சொல்றதுக்கென்ன சிஸ்டர்? வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன்.

"நீங்க கேட்டுட்டுதான் சொல்லுதீங்கன்னு நெனச்சேன் டாக்டர். டாக்டருக்குக் கேக்காதுன்னு நான் எப்படி நெனப்பேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது என்று தெரிந்தே திட்டினேன் என்பதால் எனக்கு இன்னும் ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடு நிரஞ்சனை ஃபோனில் பிடித்தேன்.

"மேடம், அது கோளாறு இல்ல. அப்படித்தான் செஞ்சிருக்கோம்," என்றான் பொறுமையாக. "ஜனங்க பாதி நேரம் மாமா, மச்சான், பக்கத்து வீடுன்னு அடுத்தவங்க வியாதியப் பேசுறாங்க. அதெல்லாம் இவங்க ரெகார்டுல ஏறிட்டா தப்பான மருந்து போயிடும். அதனால அடுத்தவங்களப் பத்தின பேச்சு வந்தா சாறு தள்ளிடும்."

"அவங்க பேசின குரல் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல மேடம். தனி மனுஷங்க ரகசியம்னு சட்டம் இருக்கு. உடனே அழிச்சிடுவோம். சாரம் மட்டும்தான் இருக்கும்."

"எத்தன தடவ தள்ளியிருக்குன்னாவது தெரியுமா?"

தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "உங்க சென்டர்ல முன்னூத்திப் பன்னெண்டு. ஆனா மேடம், அதுல நெஜமாவே அடுத்தவங்களப் பத்தினது எத்தனன்னு யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்குத் தெரியும் தம்பி," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானமே ஜன்னத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். ஆவுடையம்மாளின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது மூன்று மணி வெயில். முன்னறையில் ஐந்து பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் சத்தமும் பேச்சுமாக இருந்த அறை என்னைக் கண்டதும் கப்சிப் ஆனது. அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒரு பக்கம் வேலிக்கருவை மண்டிய காலி மனை. மறுபக்கம் ரேஷன் கடை.

"யம்மா, டாக்டரம்மா! இங்கன வந்திருக்கீங்க?" என்று ஆவுடையம்மாள் எழுந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, புகையிலைத் தூள் படிந்த விரல்கள்.

"இந்தப் பக்கமா வந்தோம். கழுத்து வலி எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. இந்த வேலைக்கு அது இல்லாம இருக்குமா?"

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டால் ஊர் முழுக்கப் பரவிவிடும். அவளை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. நானும் அவள் வழியில்தான் போக வேண்டியிருந்தது.

"உங்க பக்கத்து வீட்டுக்காரி எப்படி இருக்காங்க?" என்றேன்.

ஆவுடையம்மாளின் முகம் மலர்ந்தது. "அவளுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதான் சொல்லிட்டீங்கள்லா டாக்டரம்மா. நான் போயி அன்னைக்கே சொல்லிட்டேன். மூணு மாசத்துக்குப் பெறவு அன்னைக்குதான் அவ நிம்மதியாத் தூங்குனா."

அந்த வாக்கியத்தை நான் சாகிறவரை மறக்கப்போவதில்லை. எனக்குக் காது கேட்காதபோது நான் தலையாட்டியது அவளுக்கு மருந்தாகியிருந்தது. இருபது நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"எந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கா? யாருக்கு என்ன?" என்று ஒருத்தி சுளகை இறக்கி வைத்தாள்.

"அது மேலத்தெருவுல. உனக்குத் தெரியாது. நீ கைய நிப்பாட்டாம சுத்து," என்றாள் ஜன்னத். அவள் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ.

"ஆவுடையம்மா, அன்னைக்கு நான் சரியாக் கேக்கல," என்றேன். "தப்பு என் மேல. அவங்கள ஒருக்கா நேர்ல பாக்கணும். நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. வரிசையில நிக்க வேண்டாம். தனியா வரக் கூச்சமா இருந்தா நீங்களும் கூட வாங்க."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. கை தானாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது.

"அவ வருவாளோ என்னவோ. வீட்டுல யாருகிட்டயும் சொல்லலியே அவ."

"நான் காதுல ஒண்ணும் மாட்டியிருக்க மாட்டேன்னு சொல்லுங்க."

மறுநாள் அவள் வரவில்லை. ஒரு மணிவரை ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தேன். அன்று என்னிடம் வந்தவர்களெல்லாம் பாவம், அத்தனை பேரும் ஏச்சு வாங்கினார்கள். அதற்கு மறுநாள் பத்து மணிக்கு, ஆட்கள் நடமாட்டம் குறைவான பின்வாசல் வழியாக ஆவுடையம்மாள் வந்து நின்றாள். தனியாகத்தான் வந்திருந்தாள்.

"அவங்க வரலையா?" என்று ஜன்னத் கேட்டாள்.

"வந்திருக்கா," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஜன்னத் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்து இடது மார்பில் வைத்தாள். "அவளுக்கு இந்த எடத்துலதான் இருக்கு டாக்டரம்மா."

நெல்லிக்காய் அளவு. கெட்டியாக, அசையாமல் இருந்தது. அக்குளில் இன்னொன்று, அதைவிடச் சின்னது.

"அவங்களுக்கு இத எடுத்துறணும் ஆவுடையம்மா. சீக்கிரம் எடுக்கணும்."

"எடுத்தா பொழச்சுக்கிடுவாளா?"

"நான் கூடவே இருந்து பாத்துக்கிடுவேன்."

"அவ ரொம்பப் பயப்படுதா," என்று சொன்னாள். அப்புறம்தான் அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். அந்த இருபது நாள் தாமதம் ஏதாவது வித்தியாசம் செய்ததா என்று அங்கிருக்கும் டாக்டரிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க எனக்கு அந்தப் பிதுக்கலே போதும்.

மீதி முன்னூற்றுப் பதினொன்று யார் யார் என்று எந்த ரெகார்டிலும் இல்லை. ஜன்னத்தான் ஒரு யோசனை சொன்னாள். சுகாதார நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினோம்: "பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்டவர்கள் தயவுசெய்து மறுபடி வரவும்." ஆய்வுக்கு வந்த மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் வந்தார்கள். எண்பத்தேழு பேர் இதுவரை வந்திருக்கிறார்கள். மைத்துனர் ஊர்க் கொடையிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறார்கள், நானும் கேட்கிறேன். மூன்று மணிக்கு ஆறிப்போன சோற்றைத் தின்கிறேன். எரிச்சல் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. சாற்றில் "அயலார்" என்று ஒரு புதிய பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் அடுத்தவரைப் பற்றிய பேச்சும் காதுக்கு வரும். ஆனால் அழுத்தினால்தான். மற்ற மாவட்டத்து டாக்டர்கள் நேரம் இழுக்கிறது என்று சொன்னார்களாம், அதனால் அணைத்தே அனுப்புகிறார்கள் என்றான் நிரஞ்சன். "பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் போகுது மேடம்," என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் என்னுடையதைப் பெட்டியில் போட்டு, ஜன்னத்தின் பெட்டிக்குப் பக்கத்தில் அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

ஒருநாள் நான் ஃபோனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றுவதைப் பார்த்துவிட்டு ஜன்னத் கேட்டாள். "டாக்டர், அன்னைக்கு அந்தச் சென்னைத் தம்பிகிட்ட ஃபோன்ல கேட்டீங்கள்லா, யாரோ ஒரு டாக்டருக்கு வலது காதுல விசில் சத்தம்னு. அவங்க காட்டிட்டாங்களா?"

நான் ஃபோனை இடது காதிலிருந்து எடுத்தேன். "இன்னும் இல்ல."

"சீக்கிரம் காட்டச் சொல்லுங்க," என்றாள் ஜன்னத், ஊசிகளை எண்ணிக்கொண்டே. "தனியாப் போகப் பயமா இருந்தா நான் வேணும்னா கூட வாரேன்னு சொல்லுங்க."

அப்படியும் தனியாகத்தான் போனேன். மருத்துவக் கல்லூரியில் எனக்குக் காது மூக்கு தொண்டை பாடம் எடுத்த தாணு சார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தங்கமான மனிதர். வெளியே அவருக்கும் நூறு பேர் வரிசை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். புளியடிக்குறிச்சி ரோடு, வராத மருந்து, அவர் மகள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது, கட்டடத்தில் மழை ஒழுகுவது. என் வாயிலிருந்து இதெல்லாம் வருவதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். என் நோயாளிகள் யாரும் இவ்வளவு மோசம் கிடையாது. சார் கனிவாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

"அப்புறம் சார், என் ஃப்ரெண்டு ஒருத்தி. அவளும் டாக்டர்தான். ஆறு மாசமா வலது காதுல விசில் சத்தம். அந்தப் பக்கம் கேக்குறதும் குறைஞ்சிருக்கு. என்னவா இருக்கும்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

சார் புன்னகை செய்தார். "நல்லது ஹெப்சிபா. ரோட்டப் பத்தி மேலிடத்துக்கு எழுதிப் போடு. வேற ஒண்ணும் இல்லையே?"

சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு மணி அடிக்கத் திரும்பினார். அவர் காதில் கறுப்புக் குமிழ் இருந்தது.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. வெளியே இருந்த நூறு பேரின் சத்தம் இடது காதிலும், விசில் வலது காதிலும் கேட்டுக்கொண்டிருந்தன. அப்படியே போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். இன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சார், முதல்ல அதக் கழட்டுங்க."

அவருக்கு என்ன கேட்டதோ, சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த எரிச்சலில் மேசைக்கு மேல் கையை நீட்டி, பாடம் சொல்லிக்கொடுத்த குருவின் காதிலிருந்து குமிழை நானே உருவினேன். மனிதர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

"அந்த ஃப்ரெண்டு நான்தான் சார்," என்றேன்.